பன்றி கிழித்ததா, புல் கிழித்ததா

கண்டிக்குப் போய் வந்தேன் என்றதும் எல்லோரும் தலதா மாளிகையைப் பற்றிக் கேட்கிறார்கள். ஏரியைப் பற்றிக் கேட்கிறார்கள். இரண்டையும் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தன. ஆனால் அந்தப் பயணத்தில் என் மனதை விட்டுப் போகாத காட்சி ஒரு காட்டுப்பன்றியின் பின்பக்கம். அதைக்கூட முழுதாகப் பார்க்கவில்லை. பார்ப்பதற்குள் விழுந்துவிட்டேன்.

நான் விருதுநகரில் அச்சகம் நடத்துகிறேன். என் மகள் நந்தினி சென்னையில் வேலை பார்க்கிறாள். கூட வேலை செய்யும் பிரதீபனைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். பையன் கண்டிக்காரன். வீட்டுக்கு வந்தான், பேசினான், பிடித்திருந்தது. ஒரே சிக்கல், கல்யாணத்துக்குப் பிறகு ஊருக்குத் திரும்பி அப்பாவின் கடையைப் பார்த்துக்கொள்வதாக இருக்கிறான். அப்படியென்றால் நந்தினி வாழப் போவது கண்டியில், அவனுடைய பெற்றோருடன், அவர்கள் வீட்டில்.

நந்தினி எதற்கும் கேள்வி கேட்பாள். பதில் பிடிக்காவிட்டால் இன்னொரு கேள்வி கேட்பாள். அதை நாங்கள் தடுத்ததில்லை. கடல் தாண்டிய ஒரு வீட்டில் அந்த வாயை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பதுதான் எனக்கும் என் மனைவி செல்விக்கும் கவலை. "போய்ப் பாத்துட்டு வாங்க. சுவரையும் தரையையும் பாத்துட்டு வந்து நிக்காதீங்க. அந்த அம்மா வீட்ல வாயத் திறக்குதான்னு பாருங்க" என்று சொல்லித்தான் செல்வி என்னை அனுப்பினாள்.

முதல் நாளே ஊரைத் தவறவிட்டேன். ரயிலில் இறால் பதித்த வடை விற்றுக்கொண்டு வந்தார்கள். வடைக்கு மேல் முழு இறால், தலையோடு உட்கார்ந்திருந்தது. நம் ஊரில் ஆமைவடையில் கடலைப்பருப்பு துருத்திக்கொண்டிருந்தாலே பெரிய விஷயம். ஒன்று சாப்பிட்டேன், இன்னொன்று வாங்கினேன். அந்த நேரத்தில் பேராதனைச் சந்தி வந்து போய்விட்டது. அங்கே இறங்கிக் கண்டிக்கு மாறியிருக்க வேண்டும். எதிர் இருக்கைக்காரர் என் சீட்டை வாங்கிப் பார்த்தார், சிங்களத்தில் ஏதோ சொன்னார், நான் விழிப்பதைக் கண்டு கட்டை விரலை முதுகுக்குப் பின்னால் காட்டினார். கண்டி பின்னால் போய்விட்டது.

கம்பளையில் இறங்கினேன். ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த தேநீர்க் கடைக்காரர் தொப்பி போட்ட பெரியவர். என் பையையும் முழியையும் பார்த்ததுமே விஷயத்தைப் புரிந்துகொண்டார்.

"கண்டிக்குப் போக வந்தீங்களா? இருங்க, மொதல்ல பிளேன்டீ குடிங்க. கண்டி எங்கயும் போகாது."

இஞ்சி போட்ட பால் இல்லாத தேநீர். குடித்த பிறகுதான் ஃபோன் செய்யும் தைரியம் வந்தது. பிரதீபனின் அப்பா கதிரேசன் எடுத்தார். "அங்கயே நில்லுங்க சார்" என்றார், வைத்துவிட்டார்.

ஒரு முச்சக்கர வண்டியில் அவரே வந்து இறங்கினார். ஒல்லியான உயரமான மனிதர், வெள்ளைச் சட்டை, கையில் குடை. "சாப்பிட்டீங்களா?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். கண்டி வரைக்கும் அவ்வளவுதான் பேச்சு. மகாவலி ஆற்றைக் காட்டி அழகாக இருக்கிறது என்றேன், தலையசைத்தார். ஓட்டுநர் நிஸாம் மட்டும் திரும்பித் திரும்பிக் கதிரேசனைப் பார்த்துக்கொண்டு வந்தார். எதற்கு என்று அப்போது தெரியவில்லை.

வீடு ஹந்தானைக்கு ஏறும் சாலையில், சரிவில் ஒட்டவைத்த மாதிரி இருந்தது. கதிரேசனின் மனைவி சரோஜா வாசலில் நின்று, "வாங்கண்ணே" என்று பையை வாங்கிக்கொண்டார். இடியப்பம், தேங்காய்ப்பால் சொதி, சம்பல். சம்பல் காரம் என் காதில் போய் உட்கார்ந்தது. சாப்பாட்டு மேசையில், "இன்னும் கொஞ்சம் சொதி" என்பதைத் தவிர யாரும் பேசவில்லை. சுவரில் கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் கடிகாரச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

மறுநாள் கடைக்குக் கூட்டிப்போனார்கள். மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இரும்புச் சாமான், கயிறு, பிளாஸ்டிக் வாளி விற்கும் கடை. விருதுநகர் பஜாரில் இப்படிப் பத்துக் கடை இருக்கிறது. ஆனால் அங்கே ஒரு மொழிதான். இங்கே கதிரேசன் ஒரே மூச்சில் இரண்டு மொழியில் ஆணி விற்றார். ஒரு சிங்களப் பாட்டி இரண்டு நீல வாளிகளைத் தட்டித் தட்டிப் பார்த்து, எது அவள் ஆயுசுக்கும் வரும் என்று கேட்டாளாம். "இரண்டுமே வரும், நீங்கள் கீழே போடாவிட்டால்" என்று இவர் சொன்னாராம். பக்கத்தில் நின்ற வாடிக்கையாளர் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். இந்த மனிதருக்கு வேடிக்கையாகப் பேசவும் தெரியுமா என்று ஆச்சரியமாக இருந்தது.

கல்லாவில் சரோஜா. யாரோ தார்ப்பாய் கேட்டார்கள். கதிரேசன் ஒரு விலை சொன்னார். சரோஜா நிமிர்ந்து, "அது இல்லீங்க, அந்தத் தார்ப்பாய்" என்று ஆரம்பித்தார். கதிரேசன் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சரோஜா சட்டென்று வாயை மூடிக்கொண்டு சில்லறையை அடுக்க ஆரம்பித்துவிட்டார்.

மதியம் கொடுத்த பலாக்காய்க் கறி அருமையாக இருந்தது, இறங்கவில்லை.

அன்று மாலை செல்வியிடம் பேசினேன். "வீடு எப்படி?" என்றாள். சுத்தமாக இருக்கிறது என்றேன். "அந்த அம்மா?" என்றாள். "நல்லா சமைக்கிறாங்க" என்றேன். "அதக் கேக்கல" என்றாள். எனக்கும் அது தெரியும்.

மூன்றாம் நாள் ஞாயிறு. கடை இல்லை. ஹந்தானை மலையைக் காட்டுகிறோம் என்று நிஸாமின் வண்டியிலேயே ஏற்றிப்போனார்கள். தேயிலைக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறும் சாலை. வண்டி முக்கியது, நிஸாம் கூடவே முக்கினார். சரோஜா பிறந்தது அந்தத் தோட்டத்து லயத்தில். வரிசையாக ஒட்டிக் கட்டிய சின்ன வீடுகள். ஒன்றில் அவர் தம்பி குடும்பம் இன்னும் இருக்கிறது. சரோஜா அங்கே இறங்கிக்கொண்டார். கதிரேசனும் நானும் மேலே நடந்தோம்.

தேயிலை முடிகிற இடத்தில் புல் தொடங்குகிறது. மானாப்புல் என்றார் கதிரேசன். என் தோளுக்கு மேல் வளர்ந்திருந்தது. காற்று அடித்தால் மலையே ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுவதுபோல் இருக்கும். கசக்கினால் எலுமிச்சை வாசனை. எங்கள் பக்கம் புல் என்றால் ஆடு மேய்ந்து மொட்டையான அருகம்புல்தான். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் ஏறினேன். கதிரேசன் எனக்கு முன்னால் போனார். கீழே கண்டி முழுதும் கிண்ணத்தில் கொட்டி வைத்தாற்போல் தெரிந்தது. அதைப் பார்க்க நான் நின்றேன்.

வலது பக்கப் புல் நடுவாகப் பிளந்தது. கறுப்பாக, அரிசி மூட்டை உருண்டு வருவதைப் போல ஒன்று உறுமிக்கொண்டு என் காலை ஒட்டிப் போனது. நான் ஒதுங்கினேன், பாதை ஒதுங்கவில்லை. சரிவில் உட்கார்ந்தபடியே சறுக்கினேன். கைக்குக் கிடைத்த புல்லையெல்லாம் பிடித்தேன். ஒரு பாறை வந்து என்னை நிறுத்தியது. எழுந்து பார்த்தால் கெண்டைக்காலில் நெருப்பு வைத்த மாதிரி எரிச்சல், ரத்தம் பாதம் வரை வழிந்திருந்தது.

கதிரேசன் குடையை வீசிவிட்டு ஓடி வந்தார். என்னைத் தூக்கி நிறுத்தி, காலைப் பார்த்து, "புல்லு" என்றார்.

கீழே இருந்து சரோஜா மூச்சு வாங்க ஏறி வந்தார். லயத்து வாசலில் நின்றவர் பன்றி புல்லைவிட்டு வெளியே பாய்ந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறார். அவரும் காலைப் பார்த்தார். "பன்னி கிழிச்சிருச்சு" என்றார்.

"பன்னி கிழிக்கல. சார் சறுக்கினத நான் பாத்தேன். புல்லு வெட்டினது."

"நீங்க சார் விழுந்ததப் பாத்தீங்க. பன்னியப் பாத்தீங்களா? நான் பாத்தேன். அண்ணே நின்ன எடத்துல இருந்துதான் அது வந்துச்சு."

என்னைத் தாங்கலாகப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள், ஆளுக்கு ஒரு பக்கம். பேச்சு எனக்கு முன்னாலும் பின்னாலும் போய்வந்தது. தம்பி வீட்டுக் குழாயடியில் உட்கார வைத்து, சரோஜா சோப்புப் போட்டு, தண்ணீரைத் திறந்துவிட்டு, நான் பல்லைக் கடிக்கக் கடிக்கக் காயத்தைக் கழுவினார். கழுவி முடிக்க வெகு நேரம் ஆனது. கழுவும்போதும் வழக்கு நிற்கவில்லை.

"பன்னி எப்பிடி வெட்டும்னு எனக்குத் தெரியும்" என்றார் சரோஜா. "இந்த லயத்துல எங்க நாயக் குத்தினது. தலயக் குனிஞ்சு வந்து, கீழ இருந்து மேல தூக்கும். அதோட பல்லு ஒண்ண ஒண்ணு உரசித் தீட்டிக்கிட்டே இருக்கும். கத்தி மாதிரி."

"அப்ப நாய் என்ன ஆச்சு?"

"செத்துப் போச்சு."

"பாத்தியா? சார் உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்காரு. பன்னி வெட்டியிருந்தா இப்பிடி இருப்பாரா?" கதிரேசன் என் பக்கம் திரும்பினார். "சார், சின்ன வயசுல மாட்டுக் கொட்டாய்க்குக் கூரை போட இந்தப் புல்லத்தான் அறுப்போம். ஒரு பக்கமா தடவினா பட்டு மாதிரி இருக்கும். மறுபக்கமா இழுத்தா ரம்பம். பன்னியாவது உறுமும். இது சத்தமே போடாது. ரத்தத்தப் பாத்துதான் வெட்டினதே தெரியும்."

இரண்டு நாளில் அவர் பேசிய மொத்தப் பேச்சையும்விட இது அதிகம்.

"புல்லு வெறி புடிச்சு அலையாது. பன்னிக்கு வெறி புடிக்கும்" என்றார் சரோஜா. "ஆசுபத்திரிக்குப் போறோம்."

வெறி என்ற அந்தச் சொல்லில்தான் எனக்குப் பயம் பிடித்தது. அதுவரை காயமாக இருந்தது, இப்போது நோயாகிவிட்டது. அயல் நாட்டில், சம்பந்தம் பேசப் போன இடத்தில், வெறி பிடித்துச் சாவதா? செல்விக்கு யார் சொல்வார்கள்? தம்பி வீட்டில் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். நீரைக் கண்டால் மிரட்சி வரும் என்று எங்கோ படித்திருந்தேன். டம்ளரை உற்றுப் பார்த்தேன். மிரட்சி வரவில்லை. இவ்வளவு சீக்கிரம் வராதாமே என்பது நினைவுக்கு வந்ததும் மறுபடி பயந்தேன்.

"புல்லு வெட்டுக்கு யாராச்சும் ஆசுபத்திரி போவாங்களா?" என்றார் கதிரேசன். சொல்லிக்கொண்டே நிஸாமுக்குக் கை காட்டி வண்டியை எடுக்கச் சொன்னார். எனக்குத் துண்டை மடித்துக் காலுக்கு அடியில் வைத்தார். வண்டியில் ஏறியதும், "வேணாங்கிறேன், கேக்க மாட்டேங்கிறா" என்றார்.

இறங்கும் வழியெல்லாம் வாதம். மழைத்தண்ணி ஓடும் சரிவில் பன்றி மூக்கால் கிளறிப் போட்ட மண்ணைச் சரோஜா காட்டினார். "இப்பிடித்தான் மலையவே பேத்துப்புடும்." அதே சரிவில் மண்ணைப் பிடித்து நிற்பது அந்தப் புல்லின் வேர்தான், அது இல்லாவிட்டால் மழைக்கு மலை கீழே வந்துவிடும் என்று கதிரேசன் சொன்னார். "இப்பத்தான் மனுஷன வெட்டுற புல்லுன்னீங்க. இப்ப மலையக் காப்பாத்துற புல்லா?" என்றார் சரோஜா. "ரெண்டும் செய்யும்" என்றார் அவர். குட்டி போடப் போகும் பன்றி அந்தப் புல்லையே கடித்து வந்து மெத்தை போட்டுப் படுக்குமாம். எரித்தாலும் புல் வருமாம். விரட்டினாலும் பன்றி வருமாம். இரண்டும் ஒன்றுக்கொன்று துணை என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. என்னைக் கிழித்தது அதில் எது என்பதில்தான்.

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கால் எரிந்தது. ஆனால் காது வேறு ஒன்றைக் கவனிக்கத் தொடங்கியிருந்தது. அந்த அம்மாள் ஒரு வார்த்தையைக்கூட விழுங்கவில்லை.

டவுனில் ஒரு தனியார் மருத்துவ நிலையம். டாக்டர் யாழ்ப்பாணத்துப் பெண்மணி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். இருவரும் சேர்ந்தே பேசத் தொடங்கினார்கள். அவர் கையை உயர்த்தினார்.

"ஒராள் ஒராளாச் சொல்லுங்கோ. இல்லை, காயம் பட்டவர் சொல்லட்டும்."

சொன்னேன்.

"அது உங்களை முட்டினதோ?"

"இல்லை. காற்று மட்டும் பட்டது."

"வாய் பட்டதோ, எச்சில் கிச்சில்?"

யோசித்துப் பார்த்தேன். இல்லை என்றேன். அவர் விளக்கை இழுத்துக் காயத்தின் மேல் பிடித்தார். பிறகு, "கையைக் காட்டுங்கோ" என்றார்.

எதற்குக் கை என்று புரியாமல் நீட்டினேன். உள்ளங்கை எரிந்துகொண்டுதான் இருந்தது. பாறைச் சிராய்ப்பு என்று விட்டுவிட்டேன். விளக்கு வெளிச்சத்தில் விரல்களுக்குக் குறுக்கே மயிரிழை மாதிரி கோடுகள் தெரிந்தன. கெண்டைக்காலிலும் அதே கோடுகள்தான், கொஞ்சம் ஆழமாக. ஒரு கோட்டிலிருந்து இடுக்கியால் எதையோ எடுத்துத் துணியில் வைத்தார். பச்சையாக ஒரு புல் நார்.

"பண்டி கிழிச்சால் இப்பிடி நேராய் இராது. சதை பிய்ஞ்சு தொங்கும். அதோடை பண்டி உங்கடை கையைப் பிடிச்சு இழுக்கேல்லைத்தானே? ரெண்டும் ஒரே வெட்டு. புல்லு." கண்ணாடியை இறக்கிக்கொண்டார். "நீங்கள் என்ன வேலை?"

"அச்சகம்."

"பேப்பர் வெட்டினதில்லையோ? அதுவும் இதுவும் ஒண்டுதான். உங்களுக்கே தெரிஞ்சிருக்க வேணும்."

காகிதம் வெட்டாத நாள் என் தொழிலில் இல்லை. அந்த எரிச்சலை என் விரல்களுக்குத் தெரியும். பயத்தில் விரல்களைக் கேட்கத் தோன்றவில்லை. "விசர்நாய் ஊசி தேவையில்லை. ஏற்பு ஊசி ஒண்டு போடுவம்" என்றார். ஏற்பு என்று அவர் சொன்னது டெட்டனஸ். அந்த ஊசி குத்தியபோது வலித்ததா என்றுகூட எனக்கு நினைவில்லை. பிழைத்தேன் என்பது மட்டும் உடம்பு முழுதும் ஓடியது.

வெளியே வந்ததும் கதிரேசன் நெஞ்சை நிமிர்த்தினார். "புல்லுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க. சொல்லிக்கிட்டே உக்காந்திருந்தா அது புல்லுதான்னு யாரு சொல்லியிருப்பா? அந்த நார் உள்ளயே இருந்து சீழ் புடிச்சிருக்கும்."

"அது சரி" என்றார் அவர். "ஆனா புல்லு."

நிஸாம் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தார். "ஐயா, நானும் எத்தன வருஷமா இந்த வழக்கக் கேட்டுக்கிட்டு ஓட்டுறேன். இன்னைக்கித்தான் ஒண்ணுக்குத் தீர்ப்பு வந்தீக்குது. ரெண்டு நாளா ரெண்டு பேரும் வாயே தொறக்கல்ல. மொதலாளிக்கு ஒடம்புக்குச் சரியில்லயோன்னு பயந்துட்டேன்."

நான் சரோஜாவைப் பார்த்தேன். அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"மகன் போன் பண்ணிச் சொல்லிட்டான் அண்ணே. பொண்ணோட அப்பா வர்றாரு, அவரு முன்னாடி நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டீங்கன்னா கல்யாணம் நின்னு போயிரும்னு. நாங்களும் ரெண்டு நாளா பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தோம். நேத்துக் கடையில தார்ப்பாய் வெலயத் தப்பாச் சொன்னாரு. நான் வாயத் தொறந்துட்டேன். அவரு ஞாபகப்படுத்தினாரு, நீங்க பக்கத்துல இருக்கீங்கன்னு."

"அது தப்பு வெல இல்ல" என்றார் கதிரேசன்.

"பழைய வெல."

நான் சிரிக்க ஆரம்பித்தேன். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இரண்டு நாள் மௌனத்துக்கு நான் என்னென்ன அர்த்தம் எழுதி வைத்திருந்தேன் என்பதை அவர்களிடம் சொல்லவில்லை. என் மகளும் நிறையப் பேசுவாள் என்று மட்டும் சொன்னேன்.

"தெரியும்" என்றார் கதிரேசன். "போன்ல என்கிட்டயே கேட்டுச்சு. கல்லாவுல அத்தை உக்காருறாங்க, கடை பேருப் பலகையில உங்க பேரு மட்டும் ஏன் இருக்குன்னு. பதில் சொல்லத் தெரியல. இவ இன்னும் அதயே புடிச்சுக்கிட்டு இருக்கா."

"நியாயமான கேள்வி" என்றார் சரோஜா.

வீட்டுக்கு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. கறி போட்ட கொத்து ரொட்டி வாங்கி வந்தார்கள். தகட்டில் ரொட்டியைக் கொத்தும் தாளத்துக்குக் கண்டித் தெருவே ஆடும். கட்டுப் போட்ட காலை ஒரு நாற்காலியில் தூக்கி வைத்துவிட்டு வயிறு முட்டச் சாப்பிட்டேன். சம்பல் காரம்கூட உறைக்கவில்லை. கல்யாணத்தை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. கண்டியில் என்றார் கதிரேசன். பெண் வீட்டில்தான் முறை, எல்லோரும் கப்பலோ விமானமோ ஏறி விருதுநகர் போவோம் என்றார் சரோஜா. உன் தம்பி குடும்பத்தை எப்படி ஏற்றுவாய் என்றார் இவர். உங்கள் அக்காவை ஏற்றுவதைவிடச் சுலபம் என்றார் அவர்.

அந்த நேரம் பார்த்துச் செல்வி கூப்பிட்டாள். ஜன்னல் பக்கம் நொண்டிப் போய் எடுத்தேன்.

"என்ன சத்தம் அங்க? சண்டையா?"

"ஆமா."

"யாரு கத்துறது?"

"அந்த அம்மா."

"அவரு?"

"அவரும்தான். ஆனா அந்த அம்மா பேசி முடிக்கிற வரைக்கும் காத்திருந்துட்டுக் கத்துறாரு."

அவள் விட்ட மூச்சு கடல் தாண்டி என் காதில் கேட்டது. யார் ஜெயிக்கிறார்கள் என்று கேட்டாள்.

"இன்னும் தெரியல. ரெண்டு பேரும் என்னைக் கூப்பிடறாங்க, வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மேசைக்குத் திரும்பினேன்.